சென்னைக்குக் குடிபோக வேண்டுமா என்று கேட்ட தாய்க்கு

கோவில்பட்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு 2 வயது 9 மாதம். பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான். குழந்தை மருத்துவர் "மைல்டு ஆட்டிசம் மாதிரி தெரிகிறது, தெரபி ஆரம்பியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணவர் துபாயில், மாமியார் உங்களோடு, நீங்கள் தீப்பெட்டி ஆலை அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறீர்கள். சென்னையில் ஒரு தெரபி மையம் வாரம் 30 மணி நேரப் பயிற்சி, மாதம் 40 ஆயிரம் ரூபாய் என்கிறது. வேலையை விட்டுவிட்டுக் குடிபோகலாமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு மூன்று இருக்கின்றன. என்னால்தான் இப்படி ஆயிற்றா? இவன் பேசுவானா? இப்போது போகாவிட்டால் காலம் கடந்துவிடுமா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் குடிபோகிற விஷயம் தானாகத் தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நான் சிறப்பாசிரியர். 22 வருடமாக ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு, அவர்கள் அம்மாக்களோடு வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. உங்கள் பையனைப் பார்க்கவும் இல்லை. அதனால் அவனுக்கு ஆட்டிசம் உண்டா, எந்த அளவு என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டேன். இந்த வயதில் சொல்லப்படும் "மைல்டு" என்ற சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். மைல்டு என்று எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நிறைய உதவி தேவைப்பட்டதையும், கடுமையானது என்று சொல்லப்பட்ட பிள்ளை எட்டு வயதில் பஸ் நம்பர் அத்தனையும் ஒப்பித்து என்னை அசத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

உங்களால் ஆனதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகத்துக்கு அடையாளம் காட்டிய லியோ கேனரே பெற்றோரின் பாசக்குறைவைக் காரணம் போலச் சுட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஒரு தலைமுறை தாய்மார்களைக் குற்றவாளி ஆக்கினார்கள். அது தவறு என்று முடிவாகி நெடுநாள் ஆகிவிட்டது. தடுப்பூசியும் காரணமில்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே அடுத்த ஊசியைத் தவறவிடாதீர்கள். செல்போன்? அது ஆட்டிசத்தைக் கொண்டு வராது. ஆனால் போன் கையில் இருக்கும் நேரம் உங்கள் முகத்தைப் பார்க்காத நேரம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு ரெண்டுபடும். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை நீங்கள் எழுதவே இல்லை. காது. "காது நல்லாக் கேக்குது, அடுத்த ரூமில் பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடி வருகிறான்" என்று என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் சில சத்தம் கேட்டு, பேச்சில் இருக்கும் சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போகும் செவித்திறன் குறைவு உண்டு. காதுக்குள் நீர் கட்டியிருந்தாலும் அப்படித்தான். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளைக்கும் ஓஏஈ (உள்காது வேலை செய்கிறதா என்று பார்ப்பது), பெரா (சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) என்ற இரண்டு பரிசோதனைகளையும் பார்த்துவிட வேண்டும். பெரா எடுக்கும்போது குழந்தை தூங்க வேண்டும், அதனால் முதல் நாள் இரவு கொஞ்சம் தாமதமாகப் படுக்க வைத்து அழைத்துப் போங்கள். வலிக்காது.

உங்கள் மாமியார் "அஞ்சு வயசுல பேசுவான், குமரகுருபரர் பேசலியா" என்கிறாராம். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஐந்து வயது வரை வாய் திறக்காமல் இருந்து, திருச்செந்தூர் சன்னதியில் பேச ஆரம்பித்து, கந்தர் கலிவெண்பா பாடிய கதை நம் பக்கத்தில் எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும். தாராளமாகத் திருச்செந்தூர் போங்கள். அத்தையின் அக்கறையைத் தள்ளிவிடாதீர்கள், நாளைக்கு அவர் கை உங்களுக்கு வேண்டும். சஷ்டிக் கூட்டத்தில் மட்டும் கூட்டிப்போக வேண்டாம். அந்தச் சத்தமும் நெரிசலும் இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத் தாங்காது. சாதாரணக் கிழமை, விடியற்காலை, கடற்கரையில் கொஞ்சம் மணல், போதும். ஆனால் ஐந்து வயது வரை காத்திருப்பது என்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாமதமாகத் தானே பேசிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் வெறும் பேச்சுத் தாமதம் வேறு. பேச்சும் இல்லை, பெயருக்குத் திரும்புவதும் இல்லை, எதையும் விரலால் சுட்டிக்காட்டுவதும் இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருப்பதில் லாபம் இல்லை. இப்போது தொடங்கி, பின்னால் தேவையில்லாமல் போய்விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனி அந்த 30 மணி நேரம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1987இல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்துக்கு மேல் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளியில் படித்தார்கள் என்று எழுதினார். சின்ன ஆய்வு. யாருக்கு இந்தப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. ஆனால் 40 மணி என்ற எண் மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பதாயிரம் பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்து 2024இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இது முடிந்த வழக்கு என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதிக நேரம் உதவலாம். ஆனால் "30 மணி இல்லாவிட்டால் பையன் வீணாகிவிடுவான்" என்று உங்களைப் பயமுறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு ஆய்வை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மைப் போன்ற வீடுகளில் நடந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகள். நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 தடவை பெற்றோரைச் சந்தித்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்கை அனுசரித்து விளையாடுவது கூடியது, பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது மந்திரம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம், நீங்கள் கணக்கர்தானே. இந்த வயதுப் பிள்ளை நாளைக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் விழித்திருக்கும், வாரத்துக்கு 84 மணி. உள்ளூரில் வாரம் இரண்டு மூன்று மணி பயிற்சி கிடைத்தாலும் மீதி 80 மணி வீட்டில்தான். அந்த 80 மணியில் பெரும்பகுதி குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, தூளியில் ஆடுவது. அதற்குள்தான் வேலை இருக்கிறது. சென்னையில் ஒற்றை அறை எடுத்து, துணைக்கு ஆள் இல்லாமல், ஆட்டோவில் போய் வந்து களைத்த பிள்ளையிடமும் களைத்த தாயிடமும் அந்த 80 மணி என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது. மூடிகளை அடுக்குகிறான் அல்லவா, அதைப் பிடுங்க வேண்டாம். எதிரே தரையில் உட்காருங்கள், பக்கத்தில் இல்லை, எதிரே. உங்கள் முகம் அவன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்த மூடியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். வாங்கிக்கொள்வான். பத்து மூடி கொடுத்தபின் பதினொன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்த எண்ணுவதுதான் கடினம், நம் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. அவன் மூடியைப் பார்ப்பான், உங்கள் கையைப் பார்ப்பான், ஒரு நாள் உங்கள் முகத்தைப் பார்ப்பான். பார்த்த அந்த நொடி "இந்தா" என்று கொடுத்துவிடுங்கள். ஒரே சொல். "இது என்ன கலர், சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்பது பரீட்சை. பரீட்சை வைக்கிறவர்களிடமிருந்து பிள்ளைகள் விலகிப் போய்விடும்.

தூளியில் ஆட்டும்போது நடுவில் நிறுத்திக் காத்திருங்கள், அவன் காலை உதைத்தாலோ சத்தம் கொடுத்தாலோ "ஆட்டு" என்று சொல்லி ஆட்டுங்கள். முறுக்கை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் கொண்டுவந்து நீட்டினால் அது ஒரு பேச்சு. (உங்கள் ஊர்க் கடலை மிட்டாய் வேண்டாம். இந்த வயதில் கடலை மூச்சுக்குழாயில் சிக்கினால் ஆபத்து.) அத்தைக்கும் ஒரு வேலை: உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கையில் நண்டும் நரியும் ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு. பல லட்சம் செலவழித்துக் கண்டுபிடித்திருக்கும் பயிற்சி முறைகளில் இருப்பதெல்லாம் அதில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வரிசை, அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு, முகத்தோடு முகம். விரல்கள் அக்குளுக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் அத்தை நிறுத்திவிட வேண்டும். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை.

பையனிடம் எந்த மொழியில் பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நீங்கள் எந்த மொழியில் தாலாட்டுகிறீர்களோ, எந்த மொழியில் திட்டுகிறீர்களோ, அதில் பேசுங்கள். "கம் ஹியர், சிட் டவுன்" என்று கட்டளை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பாட்டியோடு உறவே இல்லாமல் நிற்பதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்கு இழுத்துக்கூட வருகின்றன. அவனுடைய டம்ளர், செருப்பு, உங்கள் வீட்டு ஊஞ்சல் இவற்றைப் போனில் படம் எடுத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கடையில் விற்கும் ஆப்பிள் படச் சார்ட் வேண்டாம், அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இவன் பேசுவானா? தெரியாது. 2 வயது 9 மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் இருட்டு என்றும் நினைக்க வேண்டாம். நான்கு வயதிலும் சொற்களைச் சேர்த்துப் பேசாதிருந்த 535 ஆட்டிசப் பிள்ளைகளை அமெரிக்காவில் பின்னால் பார்த்தபோது, எட்டு வயதுக்குள்ளோ அதன் பிறகோ 70 விழுக்காட்டினர் சிறு தொடர்கள் பேசினார்கள், 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். 2013இல் வந்த ஆய்வு. அந்த ஊர்ப் பிள்ளைகளின் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. என் அனுபவத்தில் நான் கவனிப்பது வேறு. நாம் செய்வதைப் பார்த்துச் செய்கிறானா, சொன்னது புரிகிறதா, தனக்குப் பிடித்ததை நமக்குக் காட்டுகிறானா. இவை கூடக் கூட எனக்கு நம்பிக்கை கூடும். அவன் உங்கள் விரலைப் பிடித்து பிரிட்ஜ் வரை இழுத்துப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதி. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடம், தலையை முட்டிக்கொள்வது பற்றி ஒன்று சொல்கிறேன், என் பிழையிலிருந்து. பல வருடம் முன்பு ஒரு பையன் தினமும் சாயங்காலம் தாடையில் அறைந்துகொள்வான். கவனத்தை இழுக்கச் செய்கிறான் என்று முடிவுகட்டி இரண்டு வாரம் அட்டவணை போட்டேன், கண்டுகொள்ளாதீர்கள் என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். "இவன் ஒரு பக்கமாத்தான் மெல்லுறான், பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டது அவன் பாட்டி. கடைவாய்ப் பல் சொத்தை. வலி என்று சொல்ல வாய் இல்லாத பிள்ளை. அன்றிலிருந்து, திடீரென்று மாறும் எந்த நடத்தைக்கும் முதலில் பல், காது, வயிறு, தூக்கம். மலச்சிக்கல் இந்தப் பிள்ளைகளுக்குச் சர்வ சாதாரணம்.

அடுத்தது, பயமுறுத்துவதற்காக இல்லை, ஆனால் யாரும் சொல்லாமல் விடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவார்கள், பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஆசை. கிணறு, ஊருணி, மூடாத தொட்டி எங்கே இருக்கிறது என்று தெருவைச் சுற்றிப் பாருங்கள். வாசற்கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். அரைஞாண் கயிற்றில் உங்கள் செல்போன் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்றைக் கோத்துவிடுங்கள், எந்தப் பாத்திரக் கடையிலும் பேர் வெட்டுகிறவர் பொறித்துத் தருவார். கழுத்துச் செயினைப் பிய்த்துப் போடும் பிள்ளைகள்கூட அரைஞாணை விட்டுவைக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. கடுமையான எரிச்சல், தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருத்துவர் மருந்து தரலாம், அது வேறு. ஸ்டெம்செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டு விளம்பரம் வரும். அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இறுதியிலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து ஈயம், பாதரசம் எடுக்கிறேன் என்று தரும் மருந்துகள் உயிருக்கே ஆபத்தானவை. கோதுமையும் பாலும் நிறுத்தும் உணவுமுறைக்கு ஆதாரம் பலவீனம். ஏற்கெனவே தயிர்ச்சாதமும் முறுக்கும் தவிர எதையும் தொடாத பிள்ளையிடமிருந்து தயிரையும் பறித்தால் எடைதான் குறையும். நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது, காசு வாங்க மாட்டார்கள். காதுப் பரிசோதனைக்கும் அங்கேயே வழி கேட்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் என்னைப் போன்ற சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி உண்டு, உங்களுக்கு அது சென்னையை விட எவ்வளவோ பக்கம். முழு மதிப்பீட்டுக்கு ஒரு முறை வேலூர் சிஎம்சியின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ சென்னை அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுள்ளோருக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனத்துக்கோ போய் வரலாம். போய் வாருங்கள், குடிபோக வேண்டாம். எந்தத் தனியார் மையமானாலும் இரண்டு கேள்வி: சிறப்பாசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா. கதவைச் சாத்திக்கொள்கிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்று வாங்கத் தயங்குகிறீர்கள், முத்திரை குத்தியது போல ஆகிவிடும் என்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு, இதில் தெரபியும் அடங்கும். சின்ன வயதில் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது, பின்னால் மறுபடி பார்ப்பார்கள். அரசுத் தாளில் ஆட்டிசத்துக்கு "புற உலகச் சிந்தனையற்ற" என்று போட்டிருப்பதைப் படித்து அழாதீர்கள். மோசமான மொழிபெயர்ப்பு, உங்கள் பையனைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

ஆகவே வேலையை இப்போது விட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சொந்த ஊர், சம்பளம், பாட்டி, தெரிந்த தெரு என்று உங்களிடம் இருப்பதைக் கலைத்துவிட்டு, நிச்சயமில்லாத ஒன்றுக்குப் போகிறீர்கள். முதலாளியிடம் மூன்று மாதத்துக்கு மாலை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேளுங்கள். கணவர் ராத்திரி வீடியோ காலில் மகனைக் காட்டச் சொல்வதோடு நின்றுவிடாமல், பத்து நிமிடம் அவரும் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும்: சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது துபாயிலிருந்தே செய்யக்கூடியது. மூன்று மாதம் கழித்தும் பார்வை, சைகை, புரிதல் எதிலும் அசைவே இல்லை என்றால் அப்போது மறுபடி யோசிப்போம். நான் சொன்னது தப்பாகப் போகவும் கூடும், பையனைப் பார்த்த ஒருவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகும்முன், அவன் விளையாடுவது, சாப்பிடுவது, கூப்பிட்டால் திரும்பாதது மூன்றையும் இரண்டு இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் அவன் அழுதுகொண்டுதான் இருப்பான், வீட்டில் எப்படி என்று அவருக்குத் தெரியாது. கழிவறைப் பழக்கம் பற்றிக் கடைசியில் கேட்டிருந்ததை நான் தொடவில்லை. அதற்கு அவசரமில்லை, காதுப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், அப்போது சொல்கிறேன்.